கோள்களைப் படமெடுக்க எவ்வளவு உருப்பெருக்கம் வேண்டும்?

தொலைநோக்கி வாங்க எண்ணுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, அது எத்தனை மடங்கு பெரிதாக்கிக் காட்டும் என்பதைத்தான். கண்ணால் பார்ப்பவருக்கு அந்தக் கேள்வி பொருந்தும். தொலைநோக்கியின் குவியத்தொலைவைக் கண்ணருகு வில்லையின் குவியத்தொலைவால் வகுத்தால் விடை கிடைத்துவிடும், ஒளி நுழையும் துளையின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ அதன் இரு மடங்குக்கு மேல் போவதில் பயனில்லை என்ற பழைய விதியும் துணைக்கு இருக்கிறது. ஆனால் கண்ணருகு வில்லையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேமராவைப் பொருத்தியவுடன் இந்த மடங்குக் கணக்கு பொருளற்றதாகிவிடுகிறது. அங்கே நாம் கேட்க வேண்டியவை வேறு: சென்சாரின் மீது கோளின் பிம்பம் எவ்வளவு பெரிதாக விழுகிறது, அந்தப் பிம்பத்தில் உண்மையாகவே இருக்கும் நுணுக்கங்களைப் பிரித்தறியும் அளவுக்கு நம் பிக்சல்கள் சிறியவையா என்பவைதான்.

கோள்களின் தோற்ற அளவை விகலையில், அதாவது ஒரு பாகையின் 3600-இல் ஒரு பங்கில் சொல்வது வழக்கம். வியாழன் நமக்கு அருகில் வரும் காலங்களில் அதன் குறுக்களவு ஏறத்தாழ 45 விகலை இருக்கும். பலரிடமும் உள்ள 8 அங்குல ஷ்மிட்-கேசகிரெய்ன் தொலைநோக்கியை (துளை 203 மி.மீ., குவியத்தொலைவு 2032 மி.மீ., எஃப்/10, அதாவது குவியத்தொலைவு துளையின் 10 மடங்கு) எடுத்துக்கொண்டால், அதன் குவியத்தில் விழும் வியாழனின் பிம்பம் வெறும் 0.44 மி.மீ. அகலமே கொண்டது. அதனால்தான் பெரிய சென்சார் உள்ள விலையுயர்ந்த கேமராக்களைக் காட்டிலும், சிறிய சென்சாரும் வேகமான காணொளிப் பதிவும் கொண்ட சிறு கேமராக்கள் இந்த வேலைக்கு ஏற்றவையாக இருக்கின்றன. இந்தக் கட்டுரை முழுவதும் இந்த 8 அங்குலத் தொலைநோக்கியையும், இன்று பரவலாகக் கிடைக்கும் 2.9 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பிக்சல் கொண்ட கேமராவையும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். உங்கள் கருவிகளின் எண்களை அந்த இடங்களில் வைத்து நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஐந்து மடங்கு விதி எங்கிருந்து வருகிறது

கோள் படமெடுப்போரிடையே வழங்கும் விதி எளிமையானது. கேமராவின் பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து ஐந்தால் பெருக்க வேண்டும். வரும் எண்ணே நீங்கள் எட்ட வேண்டிய குவிய விகிதம், அதாவது எஃப் எண். 2.9 மைக்ரான் பிக்சலுக்கு 14.5, எனவே எஃப்/15 அளவில் படமெடுக்க வேண்டும். 3.75 மைக்ரானுக்கு எஃப்/19, 2.4 மைக்ரானுக்கு எஃப்/12, 2 மைக்ரானுக்கு எஃப்/10. விதியில் தொலைநோக்கியின் துளை அளவு எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 4 அங்குலத் தொலைநோக்கி வைத்திருப்பவரும் 14 அங்குலத் தொலைநோக்கி வைத்திருப்பவரும் ஒரே கேமராவைப் பயன்படுத்தினால் ஒரே எஃப் எண்ணைத்தான் நாட வேண்டும். பெரிய துளைக்குக் குவியத்தொலைவு அதே விகிதத்தில் கூடுவதால் அவருடைய படத்தில் கோள் பெரிதாக விழும், அவ்வளவே.

விதியை மனப்பாடம் செய்வதைவிட அதன் காரணத்தைப் புரிந்துகொள்வது நல்லது. எப்போது அதைத் தளர்த்தலாம் என்பது அப்போதுதான் தெரியும். ஒளி ஓர் அலை என்பதால் எந்தத் தொலைநோக்கியாலும் ஓர் எல்லைக்குக் கீழ் நுணுக்கங்களைப் பிரித்துக் காட்ட முடியாது. நெருக்கமாக அமைந்த கருப்பு வெள்ளைக் கோடுகளைப் படமெடுப்பதாகக் கொண்டால், சென்சாரின் மீது அக்கோடுகள் பிரிந்து தெரியக்கூடிய மிகக் குறைந்த இடைவெளி, ஒளியின் அலைநீளத்தை எஃப் எண்ணால் பெருக்கினால் கிடைப்பது. அந்த இடைவெளிக்குள் குறைந்தது இரண்டு பிக்சல்களாவது அமைந்தால்தான் கருப்பும் வெள்ளையும் தனித்தனியே பதிவாகும். எனவே தேவையான எஃப் எண் என்பது பிக்சல் அளவின் இரு மடங்கை அலைநீளத்தால் வகுத்தால் வருவது. அலைநீளம் 0.5 மைக்ரான் உள்ள பச்சை ஒளிக்கு இது பிக்சலின் 4 மடங்கு, 0.4 மைக்ரான் உள்ள ஊதா நீல ஒளிக்கு 5 மடங்கு, 0.65 மைக்ரான் உள்ள சிவப்புக்கு 3 மடங்கு போதும். கட்புலனாகும் ஒளியில் மிகக் கடினமான நீல முனையையும் உள்ளடக்குவதற்காகவே ஐந்து என்ற எண் நிலைபெற்றது.

இதிலிருந்து ஒரு பயனுள்ள முடிவு கிடைக்கிறது. சிவப்பு நிறத்தைத் தாண்டிய அகச்சிவப்பு ஒளியை மட்டும் கடத்தும் வடிகட்டியை வைத்துப் படமெடுக்கும்போது, 2.9 மைக்ரான் கேமராவுக்கு எஃப்/8 முதல் எஃப்/9 வரையே போதும். அதாவது எஃப்/10 தொலைநோக்கியில், குவியத்தொலைவை நீட்டிப் பிம்பத்தைப் பெரிதாக்கும் பார்லோ வில்லை எதுவும் தேவையில்லை. காற்று கலங்கியிருக்கும் இரவுகளில் நீள அலைகள் குறைவாகவே பாதிக்கப்படுகின்றன என்பதால், அப்படிப்பட்ட இரவில் பார்லோவை எடுத்து வைத்துவிட்டு அகச்சிவப்பு வடிகட்டியுடன் செவ்வாயையோ வியாழனையோ எடுப்பது பெரும்பாலும் நல்ல முடிவாக அமையும்.

வண்ணக் கேமராக்களில் ஒவ்வொரு நிறமும் ஒன்றுவிட்ட பிக்சல்களில்தான் பதிவாகிறது என்பதால் ஏழு மடங்கு வரை போக வேண்டும் என்று சிலர் வாதிடுவதுண்டு. கோட்பாட்டளவில் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நாம் எடுப்பது ஒரே ஒரு படமல்ல. காணொளியாக ஆயிரக்கணக்கான சட்டகங்களை எடுக்கிறோம், காற்றின் அசைவால் கோளின் பிம்பம் ஒவ்வொரு சட்டகத்திலும் சற்றே வேறு பிக்சல்களின் மீது விழுகிறது, அவற்றை மென்பொருளால் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும்போது நிற இடைவெளிகள் பெருமளவு நிரம்பிவிடுகின்றன. ஆகவே வண்ணக் கேமராவுக்கும் ஐந்து மடங்கையே தொடக்கமாகக் கொள்ளலாம் என்பது என் கருத்து.

மிகையாகப் பெரிதாக்கினால் இழப்பது என்ன

எஃப்/15 போதும் என்று சொன்னால், எஃப்/30 இன்னும் நல்லதுதானே, கோள் இரு மடங்கு பெரிதாகத் தெரியுமே என்று தோன்றுவது இயல்பு. எடுத்துக்காட்டுத் தொலைநோக்கியில் எஃப்/15 என்றால் குவியத்தொலைவு 3048 மி.மீ.; ஒரு பிக்சல் வானில் ஏறத்தாழ 0.2 விகலையை அளக்கும். 45 விகலை வியாழன் 230 பிக்சல் அகலத்தில் பதியும். எஃப்/30-இல் அதே வியாழன் 460 பிக்சல் அகலத்தில் பதியும். ஆனால் 203 மி.மீ. துளையின் பிரிதிறன் 0.57 விகலை என்பது மாறவில்லை. கூடுதலாகக் கிடைத்த பிக்சல்களில் பதிவாவது புதிய நுணுக்கமல்ல, ஏற்கெனவே மங்கியிருந்த விளிம்புகளின் மங்கலே.

அதற்கு நாம் கொடுக்கும் விலையோ பெரிது. எஃப் எண் இரட்டிக்கும்போது ஒவ்வொரு பிக்சலுக்கும் கிடைக்கும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. எஃப்/15-இல் ஒரு சட்டகத்துக்கு 8 மில்லிவிநாடி ஒளிபடச் செய்திருந்தால், எஃப்/30-இல் அதே பிரகாசத்துக்கு 32 மில்லிவிநாடி வேண்டும். வளிமண்டலத்தின் நடுக்கத்தை உறையச் செய்வதற்குச் சில மில்லிவிநாடிகள் மட்டுமே நீளும் சட்டகங்கள் தேவை. 32 மில்லிவிநாடியில் அந்த நடுக்கம் ஒவ்வொரு சட்டகத்துக்குள்ளும் கலந்து குழம்பிவிடும். நேரத்தைக் கூட்டாமல் கெயினை, அதாவது கேமரா தன் சமிக்ஞையைப் பெருக்கும் அளவைக் கூட்டினால் இரைச்சல் ஏறும். இரண்டில் எதைத் தேர்ந்தாலும், அடுக்கிக் கூர்மைப்படுத்தும்போது மென்மையான மேகப் பட்டைகளுக்குப் பதிலாகச் சொரசொரப்பே மேலெழும். மேலும் நடுக்கத்தைத் தாண்டி நல்ல சட்டகங்களைத் தேர்ந்தெடுப்பதற்கு எண்ணிக்கை வேண்டும்; நேரம் நீண்டால் எண்ணிக்கை குறையும்.

எண்ணிக்கையை ஈடுகட்ட நீண்ட நேரம் பதிவு செய்யலாமே என்றால், அங்கே கோளின் சுழற்சி குறுக்கிடுகிறது. வியாழன் 9 மணி 55 நிமிடத்தில் தன்னைத் தானே சுற்றிவருகிறது. வட்டின் நடுவில் இருக்கும் ஒரு மேகப் புள்ளி நிமிடத்துக்குக் கால் விகலை நகர்கிறது. இரண்டு நிமிடத்தில் அரை விகலை; நம் தொலைநோக்கியின் பிரிதிறனை அது கிட்டத்தட்ட எட்டிவிட்டது. எனவே 8 அங்குலத் தொலைநோக்கியில் ஒரு பதிவு இரண்டு, மிஞ்சினால் மூன்று நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. வின்ஜூபோஸ் போன்ற மென்பொருளால் சுழற்சியைத் திருத்திப் பல பதிவுகளைச் சேர்க்க முடியும் என்றாலும், ஒவ்வொரு பதிவும் தன்னளவில் நன்றாக இருந்தால்தான் அந்தத் திருத்தத்தால் பயன் உண்டு.

குறைவாகப் பெரிதாக்கினாலும் இழப்பு உண்டுதான். எஃப்/10-இல் அதே கேமரா வைத்தால் பிக்சலுக்கு 0.29 விகலை, சிவப்பு ஒளியில் குறையில்லை, பச்சையில் சிறிது இழப்பு, நீலத்தில் தெளிவான இழப்பு. ஆனாலும் இரு பிழைகளில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும் என்றால் நான் சிறியதைத்தான் தேர்வேன். நன்றாகப் பதிவான சிறிய படத்தை அடுக்கும்போதே ஒன்றரை மடங்கு விரிக்க முடியும். மங்கிய பெரிய படத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

காற்றைப் பார்த்து முடிவெடுத்தல்

இதுவரை சொன்னவை கருவியின் எல்லைகள். உண்மையில் பெரும்பாலான இரவுகளில் எல்லையை வகுப்பது காற்றுதான். கணக்குப்படி எஃப்/15 என்று வந்தாலும், கலங்கிய இரவில் பிக்சலின் மூன்று மடங்குக்கு இறங்குவதும், மிக அமைதியான அபூர்வ இரவில் ஆறு மடங்கு வரை ஏறுவதும் சரியே.

காற்றை மதிப்பிட, பார்லோ இல்லாமல் முதலில் கேமராவில் கோளைப் பாருங்கள். வியாழனின் நிலவுகள் சிறு வட்டங்களாகத் தெரிகின்றனவா, அல்லது வெடித்துச் சிதறிய புள்ளிகளாகத் துள்ளுகின்றனவா? வட்டின் விளிம்பு மெதுவாக அலைந்தால் சமாளிக்கலாம். கொதிக்கும் நீரைப் போல விளிம்பு முழுவதும் பொங்கிக்கொண்டிருந்தால் அன்று பார்லோவால் பயனில்லை. வட்டு ஒரே திசையில் வேகமாக ஓடும் அலைகளால் மூடப்பட்டிருந்தால் அது உயரத்தில் வீசும் தாரைக் காற்றின் அடையாளம். 200 முதல் 300 ஹெக்டோபாஸ்கல் அழுத்த மட்டத்துக்கான காற்று வரைபடத்தைப் பார்த்தால் இதை முன்கூட்டியே அறியலாம். குளிர்காலத்தில் வட இந்தியாவின் மீது வலுவாக வீசும் துணைவெப்பமண்டலத் தாரைக் காற்று, தமிழ்நாட்டை அத்தனை பாதிப்பதில்லை. ஜனவரி முதல் மார்ச் வரையிலான நம் வானம் இந்த வேலைக்கு ஒரு கொடை என்றே சொல்லலாம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தீபகற்பத்தின் மீது வீசும் வெப்பமண்டலக் கீழைத் தாரைக் காற்று வேறு கதை.

நம் அட்சரேகை தரும் மற்றொரு நன்மை, கோள்கள் தலைக்கு மேல் உயர்வது. பிலிப்பைன்ஸின் செபு நகரிலிருந்து வியாழனைப் படமெடுத்துவரும் கிறிஸ்டோபர் கோ, 2006 பிப்ரவரியில் ஓவல் பிஏ எனப்படும் வியாழனின் வெண்ணிறச் சுழல் சிவப்பாக மாறியிருப்பதைக் கண்டறிந்து உலக வானியலாளர்களுக்கு அறிவித்தார். அந்த ஆண்டு வியாழன் வான நடுவரைக்கு (பூமியின் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் அமையும் வட்டம்) தெற்கே ஏறத்தாழ 15 பாகையில் இருந்ததால், லண்டனில் அது 25 பாகை உயரத்தைக்கூட எட்டவில்லை. செபுவிலோ 60 பாகைக்கு மேல் ஏறியது. செபுவின் அட்சரேகையும் கொடைக்கானலின் அட்சரேகையும் ஏறக்குறைய ஒன்றே. கோள் தாழ்வாக இருக்கும்போது அதன் ஒளி தடித்த காற்றைக் கடந்து வருவதோடு, நீலமும் சிவப்பும் ஒரு விகலைக்கு மேல் மேலும் கீழுமாகப் பிரிந்துவிடுகின்றன. அதைத் திருத்தும் சிதறல் திருத்தி என்ற கருவி உண்டு என்றாலும், கோள் உச்சியை நெருங்கும் வரை காத்திருப்பதே எளிய திருத்தம். 45 பாகைக்குக் கீழே இருக்கும் கோளுக்கு முழு ஐந்து மடங்கைத் தேட வேண்டாம்.

காற்றின் மீது பழி போடும் முன் அருகில் இருப்பவற்றையும் சரிபார்க்க வேண்டும். பகல் முழுவதும் காய்ந்த மொட்டைமாடித் தளம் நள்ளிரவு வரை வெப்பத்தை உமிழ்ந்துகொண்டிருக்கும். புல்தரையோ மண்தரையோ இருந்தால் அங்கே செல்லுங்கள், இல்லையேல் பின்னிரவைத் தேர்ந்தெடுங்கள். தொலைநோக்கியைக் குறைந்தது ஒரு மணி நேரம் முன்னதாகவே வெளியே வைத்துவிட வேண்டும். ஆடிகளின் ஒளியச்சு சற்றே விலகியிருந்தாலும் எஃப்/15-இல் அதன் விளைவு தெளிவாகத் தெரியும் என்பதால், அன்றிரவு கோளுக்கு அருகிலுள்ள ஒரு நட்சத்திரத்தைச் சற்றே குவியம் விலக்கிப் பார்த்து, வளையங்கள் ஒருமையமாக இருக்கின்றனவா என்று உறுதிசெய்துகொண்ட பிறகே கோளுக்குத் திரும்ப வேண்டும்.

பார்லோவைத் தேர்ந்தெடுத்தலும் உண்மைக் குவியத்தொலைவை அளத்தலும்

தேவையான எஃப் எண்ணை உங்கள் தொலைநோக்கியின் எஃப் எண்ணால் வகுத்தால் எத்தனை மடங்கு பார்லோ வேண்டும் என்பது வந்துவிடும். 2.9 மைக்ரான் கேமராவுக்கு, எஃப்/10 ஷ்மிட்-கேசகிரெய்னில் ஒன்றரை மடங்கு. ஒளியைக் குழி ஆடியால் குவிக்கும் எஃப்/8 நியூட்டோனியனில் இரு மடங்கு. எஃப்/6 டாப்சோனியனில் (எளிய சுழல் தாங்கியில் அமர்ந்த நியூட்டோனியன்) இரண்டரை மடங்கு. எஃப்/5 நியூட்டோனியனில் மூன்று மடங்கு. ஒன்றரை மடங்கு பார்லோ தனியாக விற்கப்படுவது குறைவு. ஆனால் பல இரு மடங்கு பார்லோக்களின் வில்லைப் பகுதியைத் தனியே திருகிக் கழற்றி, கேமராவின் மூக்குக் குழாயில் நேரடியாகத் திருகிக்கொள்ளலாம். அப்போது அது ஏறத்தாழ ஒன்றரை மடங்கையே தரும்.

இதற்குக் காரணம், பார்லோவின் மீது பொறிக்கப்பட்ட எண் குறிப்பிட்ட ஒரு தொலைவுக்கு மட்டுமே உண்மையாக இருப்பது. வில்லையிலிருந்து சென்சார் வரையிலான தொலைவை வில்லையின் குவியத்தொலைவால் வகுத்து ஒன்றைக் கூட்டினால் கிடைப்பதே உண்மையான மடங்கு. 100 மி.மீ. குவியத்தொலைவுள்ள பார்லோவுக்கு 100 மி.மீ. தள்ளிச் சென்சார் இருந்தால் இரு மடங்கு. இடையில் 30 மி.மீ. நீளமுள்ள சிதறல் திருத்தியையோ வடிகட்டிச் சக்கரத்தையோ செருகினால் 2.3 மடங்கு. சிறு இடைக்குழாய்களைச் சேர்த்தும் நீக்கியும் எஃப் எண்ணை விரும்பிய இடத்துக்குக் கொண்டுவர முடியும் என்பது இதன் நல்ல பக்கம். ஒளிக்கதிர்களைக் கிட்டத்தட்ட இணையாக வெளிவிடும் டெலிசென்ட்ரிக் வகைப் பெரிதாக்கும் வில்லைகளில் தொலைவால் வரும் மாற்றம் மிகக் குறைவு. ஷ்மிட்-கேசகிரெய்னில் முதன்மை ஆடியை நகர்த்தியே குவியம் பிடிக்கிறோம் என்பதால், கேமரா பின்னால் தள்ளிப் போகப் போகத் தொலைநோக்கியின் சொந்தக் குவியத்தொலைவும் கூடிவிடும்.

எனவே பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களை நம்பாமல், எடுத்த படத்திலிருந்தே அளந்துவிடுவது நல்லது. அடுக்கிய படத்தில் வியாழனின் நிலநடுக்கோட்டு அகலத்தைப் பிக்சலில் அளந்துகொள்ளுங்கள். துருவ அகலம் 6 சதவீதத்துக்கும் மேல் குறைவு என்பதால் அதை எடுக்கக் கூடாது. அன்றைய தேதியில் வியாழனின் விகலை அளவை ஸ்டெல்லேரியம் போன்ற மென்பொருளில் பார்க்கலாம். 206.265-ஐப் பிக்சல் அளவாலும் பிக்சல் எண்ணிக்கையாலும் பெருக்கி, விகலை அளவால் வகுத்தால் குவியத்தொலைவு மில்லிமீட்டரில் கிடைக்கும். 2.9 மைக்ரான் கேமராவில் 45 விகலை வியாழன் 250 பிக்சல் வந்திருந்தால், குவியத்தொலைவு 3323 மி.மீ.; 203-ஆல் வகுத்தால் எஃப்/16.4. கோளின் விளிம்பு மங்கலாக முடிவதால் அளவீட்டில் சிறு பிழை இருக்கும். ஆயினும் எஃப்/15 என்று நினைத்துக்கொண்டு எஃப்/22-இல் படமெடுத்துக்கொண்டிருக்கும் நிலையைக் கண்டுபிடிக்க இது போதும்.

கோளுக்குக் கோள் மாறுபவை

சனி வியாழனைவிடச் சூரியனிலிருந்து ஏறத்தாழ இரு மடங்கு தொலைவில் இருப்பதால், அதன் பரப்பில் விழும் ஒளி வியாழனுக்குக் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. எனவே சனிக்குப் பிக்சலின் நான்கு மடங்கு, அதாவது எஃப்/12 அளவே பொருத்தமாக அமையும் இரவுகள் அதிகம். சனியின் வளையங்களுக்கிடையே உள்ள காசினி இடைவெளி போன்ற கூர்மையான கோடுகள் அந்த அளவிலேயே நன்றாகப் பதிந்துவிடும்.

செவ்வாய்தான் மிகுதியாகச் சோதிப்பது. 2003-இல் 25 விகலை வரை பெரிதாகத் தெரிந்த அது, 2025 ஜனவரியில் 14.6 விகலையைத்தான் எட்டியது. 2027 பிப்ரவரி 19 அன்று சூரியனுக்கு எதிர்த்திசையில் வரும்போதும் 13.8 விகலைதான். எஃப்/15-இல் அது 70 பிக்சல் அகலமே இருக்கும். திரையில் அத்தனை சிறிதாகப் பார்க்கும்போது மூன்று மடங்கு பார்லோவைச் செருகக் கை துடிக்கும். கோளின் அளவு மாறுவதால் பிரிதிறனின் எல்லை மாறுவதில்லை. சிறிய செவ்வாய்க்கும் பெரிய வியாழனுக்கும் விதி ஒன்றே. ஒரே ஆறுதல், செவ்வாய் பிரகாசமானது, ஒரு சுழற்சிக்கு 24 மணி 37 நிமிடம் எடுத்துக்கொள்வது. ஆகவே ஐந்து நிமிடப் பதிவுகளைத் தயங்காமல் எடுக்கலாம், நல்ல இரவில் ஆறு மடங்குக்கும் முயலலாம். 2027 பிப்ரவரியில் செவ்வாய், வியாழன் இரண்டுமே தமிழ்நாட்டில் நள்ளிரவில் ஏறக்குறைய தலைக்கு மேல் இருக்கும்.

புதனும் வெள்ளியும் பெரும்பாலும் அந்தி வெளிச்சத்தில் தாழ்வாகவே கிடைக்கும்; அவற்றுக்குப் பார்லோ இல்லாத எஃப்/10 போதும். யுரேனஸின் 3.7 விகலை வட்டு எஃப்/15-இல் 19 பிக்சல்தான். அதில் நுணுக்கம் தேடுவதற்குப் பெரிய துளை தேவை.

கண்காணிக்கும் மோட்டார் இல்லாத டாப்சோனியன் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வானம் விநாடிக்கு 15 விகலை வரை நகர்கிறது. 1936 பிக்சல் அகலமுள்ள சென்சாரில், பிக்சலுக்கு 0.2 விகலை என்றால் கோள் 25 விநாடியில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்விடும். எஃப்/12-க்கு இறங்கினால் அரை நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். சென்சாரின் முழு அகலத்தையும் திறந்து வைத்து, கோளை ஒரு முனையில் நிறுத்தி அது கடந்துபோக விட்டு, பல சிறு பதிவுகளாக எடுத்துப் பின்னர் மென்பொருளால் மையப்படுத்திச் சேர்ப்பது நடைமுறைக்கு ஏற்றது.

கைபேசியைக் கண்ணருகு வில்லையின் மேல் வைத்து எடுப்பவர்களுக்கு மட்டும் பழைய மடங்குக் கணக்கு மீண்டும் பொருளுடையதாகிறது. துளையின் மில்லிமீட்டர் அளவுக்குச் சமமான மடங்கை, 150 மி.மீ. துளைக்கு 150 மடங்கு என்ற அளவில், தொடக்கமாகக் கொள்ளுங்கள். கைபேசியின் இலக்கமுறை ஜூமைத் தொடாதீர்கள். ஒளிபடும் அளவைக் கைமுறையாகக் குறைத்து, வட்டு வெளுத்துப் போகாமல் காணொளியாக எடுங்கள்.

இறுதிப் படத்தைப் பெரிதாகக் காட்ட விரும்பினால், அதைக் கணினியில் செய்ய வேண்டும். அடுக்கி, கூர்மைப்படுத்தி, நிறம் சரிசெய்த பிறகு ஒன்றரை மடங்கு விரியுங்கள். வியாழன் 340 பிக்சல் அகலம் வரும், திரையில் பார்ப்பதற்கு அது நிறைவான அளவு. இரு மடங்காக்கியதும் மேகப் பட்டைகளின் விளிம்புகள் தளர்ந்து தெரிந்தால், ஒன்றரையிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். படத்துடன் அன்றைய எஃப் எண், வடிகட்டி, ஒளிபட்ட நேரம், கோளின் உயரம், காற்றின் நிலை ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். உங்கள் இடத்துக்கும் உங்கள் தொலைநோக்கிக்கும் பிக்சலின் எத்தனை மடங்கு பொருந்துகிறது என்பது அந்தக் குறிப்புகளிலிருந்து சில மாதங்களில் தெளிவாகிவிடும்.